எந்த கேஸ்?

அந்த வீட்டில் நெஞ்சு வலித்தால் கேஸ். முதுகு பிடித்தால் கேஸ். தலை சுற்றினால் கேஸ். எதிர்வீட்டுக்காரர் காரணமில்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனால் அவருக்கும் கேஸ்தான் என்பாள் அம்மா. இத்தனைக்கும் அவளுடைய மூத்த மகள் பதினாறு வருஷமாக ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மனுஷ உடம்புக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தினமும் கண்ணால் பார்ப்பவள். அவள் பேச்சு வீட்டில் எடுபடுமா என்றால், எடுபடாது. "நீ எலும்பத்தான பாக்குற, இது வயித்து சமாச்சாரம்" என்று ஒரே வரியில் அவள் படிப்பைச் சுருட்டி மூலையில் வைத்துவிடுவாள் அம்மா.

ஆகவே அன்று காலை சுண்டு சாப்பாட்டு மேஜையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"கேஸ். சோடா வாங்கிக் குடி. ரெண்டு ஏப்பம் வந்தா ஓடிப்போயிடும்."

"ஆமாம்மா, கேஸ்தான்" என்றான் சுண்டு.

சுண்டு அந்த எக்ஸ்ரே அக்காவின் ஒரே தம்பி. பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தானாம். இப்போது ஆறடி. உயரம் வந்த அவசரத்தில் சதை வர மறந்துவிட்டது. இருபத்தைந்து வயது. ஒரு கேக் கடையில் கிரீம் போடுகிற வேலை. கல்யாண கேக்கில் அவன் வைக்கிற ரோஜாவை நிஜம் என்று நினைத்து ஒரு பெண் முகர்ந்து பார்த்து மூக்கெல்லாம் கிரீம் ஆக்கிக்கொண்ட கதையை அம்மா நூறு பேரிடமாவது சொல்லியிருப்பாள்.

அக்காவுக்கு உறுத்தியது வலி இல்லை, குரல். யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது.

"எப்பலேர்ந்துடா வலிக்குது?"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து. ஒண்ணுமில்லக்கா. மூச்சு இழுத்தா மட்டும் குத்துது."

"மூச்சு இழுத்தா மட்டுமா? அப்ப இழுக்காம இரு, சரியாயிடும்! எழுந்திரு, கெளம்பு."

"அவன் சோடா குடிக்கட்டும்டி" என்றாள் அம்மா.

காற்று வர அக்கா ஜன்னலைத் திறந்தாள். திரைச்சீலை எழும்பி, அதன் விளிம்பு அவள் கணுக்காலில் டொக்கென்று இடித்தது. இதுவும் அம்மாவின் கைங்கரியம். தெருப் பக்கத்துக் காற்றில் திரை பறந்து பறந்து சாப்பாட்டுத் தட்டில் விழுகிறதென்று, சுண்டுவின் பேன்ட் பையிலிருந்து துவைக்கும்போது விழுந்த காலி இரும்புக் குப்பிகளைத் திரையின் மடிப்புக்குள் வரிசையாக வைத்துத் தைத்திருந்தாள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம். "இது என்னடா" என்று அவள் கேட்டதற்கு, "கேஸ் குப்பிம்மா, கடையில கிரீம் நுரைக்க வைக்கிறது" என்று அவன் சொன்னானாம். எதையும் தூக்கிப் போட மனசு வராத அம்மாவுக்கு அது போதும். திரை அதற்குப் பிறகு பறக்கவில்லை. வீட்டில் எல்லோர் கணுக்காலும் மட்டும் நீலம் பாரித்துக் கிடந்தது.

அக்கா கணுக்காலைத் தேய்த்துக்கொண்டே தம்பியை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அம்மாவை அவள் கூப்பிடவில்லை. அம்மாவைக் கூப்பிட வேண்டிய தேவை எப்போதும் இருந்ததில்லை, தானே வந்துவிடுவாள்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் படித்து முடித்துப் புதிதாக வந்தவர். அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "கேஸ் டாக்டர். நேரத்துக்குச் சாப்பிட மாட்டான். மத்தபடி தங்கமான பிள்ளை. பீடி, சிகரெட்டு, தண்ணின்னு ஒரு பழக்கம் கிடையாது." சுண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதயத் துடிப்பைக் காகிதத்தில் எடுத்துப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. டாக்டர் ஒரு பாட்டில் மருந்தை எழுதிக் கிழித்தார். அக்கா எட்டிப் பார்த்தாள். வயிற்று எரிச்சலுக்கான மருந்து. அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஒரு எக்ஸ்ரே எழுதிக் குடுங்க டாக்டர்."

"அவசியமாம்மா? கேஸ்னுதான..."

"எழுதிக் குடுங்க. நானே எடுத்துக்கிறேன். யாருக்கும் வேலை வைக்கல."

எக்ஸ்ரே அறையில் பதினாறு வருஷமாகச் சொல்லிவருகிற மந்திரத்தையே தம்பியிடமும் சொன்னாள். "சட்டையக் கழட்டு. பையில இருக்கிறதெல்லாம் தட்டுல போடு." அவன் தயங்கித் தயங்கிப் பையைக் காலி செய்தான். அவள் அதற்குள் மிஷின் உயரத்தைச் சரிசெய்யத் திரும்பியிருந்தாள். பிறகு வந்து, எல்லா நோயாளிகளுக்கும் செய்கிற மாதிரி, அவன் தோள்களைப் பிடித்துப் பலகையோடு ஒட்டி முன்னால் தள்ளினாள்.

அவள் கைக்குக் கீழே அவன் தோல் நொறுங்கியது.

காரை எலும்புக்கு மேலே, கழுத்தோரம். பீங்கான் சாமான் சுற்றி வருகிற குமிழ் பிளாஸ்டிக்கை அழுத்தினால் வருமே, அதே மாதிரி, விரலுக்கு அடியில் பொடிப்பொடியாக நெறிந்தது. இன்னொரு தடவை அழுத்தினாள். இன்னொரு தடவை நெறிந்தது. தோலுக்கு அடியில் காற்று. பதினாறு வருஷத்தில் இரண்டே இரண்டு பேரிடம் பார்த்திருக்கிறாள். இரண்டு பேரும் மாடியிலிருந்து விழுந்தவர்கள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. மூச்ச மெதுவா இழு. பிடி."

அவன் பிடித்தான். அதுவும் அவளுக்குப் புரியவில்லை. நெஞ்சு வலிக்காரர்கள் மூச்சைப் பிடிக்கச் சொன்னால் பாதியிலேயே புஸ்ஸென்று விட்டுவிடுவார்கள். அவர்களோடு மல்லுக்கட்டியே அவள் பாதி ஆயுசு போயிருந்தது. இவன் அத்தனை வலியிலும் உதட்டை இறுக்கி, கன்னம் உப்பி, சிலை மாதிரி நின்றான். "விடு" என்று அவள் சொன்ன பிறகும் ஒரு நொடி பிடித்திருந்தான்.

படம் திரையில் வந்தது. இதயத்தின் இடது ஓரமாக மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று மேலே ஓடி, கழுத்துக்குள் கீறல் கீறலாகப் பிரிந்து போனது. அக்கா அதற்கு மேல் பார்க்காமல் நெஞ்சு டாக்டரைத் தேடி ஓடினாள்.

நெஞ்சு டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. வார்த்தைகளை வீணடிக்காதவர். சுண்டுவின் கழுத்தை அழுத்திப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"நெஞ்சுக்கு நடுவுல, இதயத்தச் சுத்தி, காத்து கசிஞ்சிருக்கு. இருக்கக் கூடாத இடத்துல இருக்கு."

"அதத்தான டாக்டர் நான் காலையிலேர்ந்து கத்துறேன்!" என்றாள் அம்மா, மகளை வெற்றியோடு பார்த்து. "கேஸ்னு!"

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். டாக்டரும் அதையே செய்தார்.

"இது வயித்து கேஸ் இல்லம்மா. தம்பி, நல்லாக் கேளு. இது ரெண்டு விதமா வரும். நுரையீரல்ல இருக்கிற சின்னக் காத்துப் பை ஏதாவது அழுத்தத்துல வெடிச்சிருந்தா, ஆக்ஸிஜன் வச்சுப் படுத்திருந்தா போதும், தானா ஆறிடும். பயங்கரமா வாந்தி எடுத்து உணவுக்குழாய் கிழிஞ்சிருந்தா, கதையே வேற. நெஞ்சுக்குள்ள சாப்பாடும் எச்சிலும் இறங்கும். உடனே திறந்து தைக்கணும். இல்லன்னா ஆள் தங்காது. இப்பச் சொல்லு. என்ன பண்ணின? எதையாவது இழுத்தியா? ஊதினியா? வாந்தி எடுத்தியா?"

சுண்டு அம்மாவைப் பார்த்தான். அம்மா அவன் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள்.

"வாந்திதான்" என்றான். "நேத்து எடுத்தேன். நிறைய."

"கேஸ் முத்திப்போனா வாந்தி வரும்" என்றாள் அம்மா.

அடுத்த அரை மணி நேரம் வேகமாக ஓடியது. மருந்தைக் குடிக்க வைத்து ஸ்கேன் எடுத்தால் கிழிசல் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆனால் ஸ்கேன் மிஷின் காலையிலிருந்து படுத்துக் கிடந்தது. மெக்கானிக் வழியில் இருப்பதாகச் சொன்னார்கள். அவர் வழியில் இருக்க ஆரம்பித்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது. மூன்று மணிக்கு முன்னால் நடக்காது என்றார்கள். சர்ஜன் வந்தார். வாந்தி என்று கேட்டதும் அவர் நெற்றி சுருங்கியது. மூன்று மணி வரை காத்திருக்க முடியாது, மயக்கம் கொடுத்து உள்ளே கேமரா விட்டுப் பார்ப்போம், கிழிசல் இருந்தால் அங்கேயே திறந்து தைப்போம் என்றார். நெஞ்சு டாக்டருக்கு அதில் முழு மனசில்லை. மயக்கத்தில் மிஷின் காற்றைத் தள்ளும். ஓட்டை நுரையீரலில் இருந்தால் அது பெரிதாகி, இப்போது கசிகிற காற்று நெஞ்சையே நசுக்கிவிடலாம். ஆனால் வாந்தி எடுத்தேன் என்று ஆள் வாயாலேயே சொன்ன பிறகு அவர் மட்டும் என்ன செய்வார்?

சர்ஜன் தியேட்டருக்கு போன் போட்டார். "அவசரமா ஒரு கேஸ் இருக்கு. பன்னெண்டரைக்கு ரெடியா இருங்க."

அம்மா அக்காவின் கையைச் சுரண்டினாள். "பாத்தியா? பெரிய டாக்டரே கேஸ்னு சொல்றார்."

அக்காவுக்கு ஒரு கணம் சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. "அம்மா, நீ கொஞ்ச நேரம் வெளிய போய் உக்காரு." "என் பிள்ளைய விட்டுட்டு நான் எங்க போறது?" "ஒரு டீ குடிச்சிட்டு வா." "டீ குடிச்சா கேஸ்." அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அவனுடைய போனையும் சாவியையும் எடுத்துவர எக்ஸ்ரே அறைக்குப் போனாள். அங்கே நின்றால் யாரையாவது கடித்துவிடுவோம் என்று அவளுக்குத் தோன்றியது.

தட்டு அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. சாவி, போன், கைக்குட்டை. கைக்குட்டைக்கு அடியில் ஒரு இரும்புக் குப்பி, கட்டைவிரல் நீளம். கூடவே ஒரு பலூன். ஊதி ஊதித் தொளதொளத்த சிவப்பு பலூன்.

அவள் குப்பியை எடுத்தாள். கணுக்கால் தானாக வலித்தது.

கேக் கடை ஆளிடம் குப்பி இருக்கலாம். கேக் கடை ஆளிடம் பலூனும் இருக்கலாம். பேன்ட் பைக்குள், கைக்குட்டைக்கு அடியில், இரண்டும் சேர்ந்தா? போன மாதம் அவசரப் பிரிவில் கல்லூரிப் பிள்ளைகள் இருவரைக் கொண்டுவந்தபோது நர்ஸ்கள் பேசிக்கொண்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. குப்பியிலிருந்து பலூனில் பிடித்து, பலூனிலிருந்து வாய்க்கு. இழுத்து, மூக்கைப் பொத்தி, முக்கிப் பிடித்தால், இரண்டு நிமிஷம் தலைக்குள் சிரிப்பு. சிரிப்பு கேஸ். எத்தனை நேரம் பிடிக்கிறாயோ அத்தனை சிரிப்பு.

உதட்டை இறுக்கி, கன்னம் உப்பி, சிலை மாதிரி நின்றானே.

அவள் திரும்பி வந்தபோது சுண்டுவின் மடியில் சம்மதப் படிவம் இருந்தது. பேனா கையில் இருந்தது. பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டான். அக்காவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நெஞ்சைத் திறக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போடுவானாம், வாயை மட்டும் திறக்க மாட்டானாம். பேனாவை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"இது என்னடா?"

அவன் குப்பியைப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"கேஸ்" என்றான்.

"கேஸ்தான்டி, அதத்தான..."

"அம்மா! ஒரு நிமிஷம் அந்த வாய மூடு!" அந்த வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அக்கா குரலைத் தாழ்த்தவில்லை. "பலூன்ல பிடிச்சு இழுத்தியா? மூக்கப் பொத்திக்கிட்டு முக்கிப் பிடிச்சியா? அப்பத்தான் குத்துச்சா? வாந்தி எடுத்தியா இல்லையா? இன்னும் இருபது நிமிஷத்துல உன்னத் தள்ளிட்டுப் போயிடுவாங்க. அம்மா முன்னாடி சொல்ல வெக்கமா இருந்தா சொல்லாத. தலைய மட்டும் ஆட்டு. நான் படமெடுத்த நெஞ்சு அது. அத இல்லாத கிழிசலுக்காகத் திறக்க விடமாட்டேன்."

சுண்டு தலையை ஆட்டினான். பிறகு அது போதாதென்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும். வாசலில் வந்து நின்ற நெஞ்சு டாக்டரைப் பார்த்து, அந்த மூக்கடைத்த குரலில் சொன்னான்.

"டாக்டர், நான் வாந்தி எடுக்கல. கேஸ் இழுத்தேன்."

காலையிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருந்த டாக்டர் பெருமூச்சு விட்டார். "தம்பி, நீயுமா? இது வயித்து கேஸ் இல்லப்பா..."

"ஐயோ மேடம்" என்று அக்கா குப்பியையும் பலூனையும் நீட்டினாள். "அந்த கேஸ் இல்ல. இந்த கேஸ்."

டாக்டர் குப்பியை வாங்கிப் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டவில்லை.

"வாந்தியே இல்லையா? சத்தியமா?"

"சத்தியமா இல்ல டாக்டர். கடைசி பலூன்ல முக்கிப் பிடிச்சேன். டக்குனு உள்ள ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்துச்சு. அப்புறம்தான் வலி."

"நேத்து எத்தன?"

"பதினஞ்சு இருக்கும்."

அக்கா தலையில் கைவைத்தாள்.

"எவ்வளவு நாளாப் பழக்கம்? இது நரம்பையும் கெடுக்கும். கால்விரல் மரத்துப் போகுதா?"

"கடையில நின்னுக்கிட்டே வேலை டாக்டர், அதனால கொஞ்சம் மரக்கும். பழக்கம்லாம் இல்ல. எப்பவாச்சும். ஒண்ணு ரெண்டு."

அம்மா அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அக்கா பார்த்ததில்லை. டாக்டர் கையிலிருந்த குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை, ஏதோ கணக்குப் போடுகிறவள் முகம்.

"எழுபத்திரண்டு" என்றாள்.

"என்னம்மா?"

"ரெண்டு ஜன்னல், டாக்டர். ஜன்னலுக்கு ரெண்டு திரை. திரைக்குப் பதினெட்டு. நான்தான் தைச்சேன். மூணு மாசத்துல." டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா அவருக்காகச் சொல்லவில்லை. "அடுப்படி ஜன்னலுக்கும் பத்து வேணும்னு நேத்து காலையில நான்தான் கேட்டேன். சாயங்காலம் கொண்டு வர்றேம்மான்னு சொல்லிட்டுப் போனான்."

சுண்டு அழுதான். அழும்போது நெஞ்சு குத்தியதால் அதையும் சரியாக அழ முடியவில்லை. "அம்மா, அதுக்காக இல்லம்மா. நீ கேக்காட்டியும் இழுத்திருப்பேன்" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான் பாவம். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் எழுந்து போய் சர்ஜனிடம் பேசினார். காய்ச்சல் இல்லை, ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது, வாந்தி என்பதே பொய், மூன்று மணி வரை ஆக்ஸிஜன் வைத்துக் காத்திருப்போம் என்றார். சர்ஜன் ஒப்புக்கொண்டார். மெக்கானிக் இரண்டே முக்காலுக்கு வந்து மிஷினை எழுப்பினார். அவரை மாலை போட்டு வரவேற்பதா, நாலு அறை விடுவதா என்று அக்காவுக்குத் தீர்மானம் வரவில்லை. மருந்தைக் குடிக்க வைத்துப் படமெடுத்தார்கள். உணவுக்குழாய் முழுசாக இருந்தது. ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை. அக்கா கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாய்விட்டு அழுதுவிட்டு, முகம் கழுவி, அடுத்த நோயாளியிடம் "மூச்ச இழுங்க" என்று சொல்லப் போனாள்.

நாலு நாளில் கழுத்து நெறிவது நின்றது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நரம்புக்கு ஊசி தொடர்ந்து போட வேண்டும், இந்தப் பழக்கத்தை விட ஆலோசகரிடம் வாரம் ஒரு தடவை வர வேண்டும், கொஞ்ச காலத்துக்கு முக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது, பலூன் கண்ணிலேயே படக் கூடாது. கடையிலிருந்து குப்பிகளை எடுத்ததைக் கடைக்காரரிடம் சுண்டு தானே போய் ஒப்புக்கொள்வதாகச் சொன்னான். ஒப்புக்கொள்கிறானா என்று பார்க்கத் தானும் போவதாக அக்கா சொன்னாள்.

வீட்டில் அம்மா எல்லாத் திரைகளின் மடிப்பையும் பிரித்துவிட்டிருந்தாள். குப்பி ஒன்றுகூட இல்லை. எங்கே போட்டாள் என்று யாரும் கேட்கவில்லை. தையல் பிரித்த ஓட்டைகள் மட்டும் விளிம்பு நெடுக வரிசையாகத் தெரிந்தன. மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். காற்று வந்தது. திரை பழையபடி எழும்பிப் பறந்து அக்காவின் தட்டில், குழம்பு மேலேயே விழுந்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அதை எடுத்து உதறினாள். காலையிலிருந்து மூன்றாவது தடவை.

சுண்டு நாலு வாய் சாப்பிட்டுவிட்டு வயிற்றைத் தடவினான்.

"ஆஸ்பத்திரிச் சாப்பாடு சாப்பிட்டு லேசா கேஸ் மாதிரி இருக்கும்மா."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எந்த கேஸ்?"

"அம்மா, நிஜமாவே..."

"எந்த கேஸ்டா? எழுந்திரு."

அவன் எழுந்து, எக்ஸ்ரே எடுக்க நிற்கிற மாதிரி கைகளை விரித்துக்கொண்டு நின்றான். அம்மா அவன் இடது பையில் கைவிட்டாள். கைக்குட்டை. வலது பையில் கைவிட்டாள். ஒன்றுமில்லை. சட்டைப் பையைத் தடவினாள். அதிலும் ஒன்றுமில்லை.

"பாத்தியா? ஒண்ணுமில்ல. வயித்து கேஸ்தான்மா" என்றான் சுண்டு.

அம்மா முதலிலிருந்து இன்னொரு தடவை தேடினாள்.